பதினொன்றாம் வேகம்

இதழினிக்கு இப்போது பத்து வயது. முப்பத்தைந்தாவது வயதில் அவளுக்குக் கை நடுங்க ஆரம்பிக்கும் என்று ஒரு திங்கட்கிழமை காலை அவள் அம்மா கிருத்திகாவின் போனுக்குச் செய்தி வந்தது. அனுப்பியது ஜோசியக்காரன் இல்லை, பள்ளிக்கூடம்.

‘தங்கள் மகள், முப்பத்தைந்து வயதில் கைநடுக்கம் தொடங்கும் என்ற எழுத்துப் பரிசோதனை முடிவின் அடிப்படையில், ஆறாம் வகுப்பில் கவனிப்புப் பிரிவுக்குத் தேர்வு செய்யப்பட்டுள்ளார். ஆட்சேபணை இருப்பின் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தெரிவிக்கவும். வாழ்த்துகள்.’

கடைசியில் வாழ்த்துகள் என்று போட்டிருந்ததைப் பார்த்ததும்தான் கிருத்திகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கவனிப்புப் பிரிவு என்றால் என்னவென்று புளியங்காட்டுப்பாளையத்தில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து ஊரில் வேறு ஏதோ பரிசோதனையை வைத்து இரண்டு வருஷமாக நடக்கிறதே. அந்தப் பிரிவுப் பிள்ளைகளை ஆய்வகத்தில் எதையும் தொட விட மாட்டார்கள். பின்னால் தள்ளி உட்காரவைத்து, மற்ற பிள்ளைகள் செய்வதைப் பார்க்கச் சொல்வார்கள். கத்தரிக்கோல் கிடையாது, காம்பஸ் கிடையாது. பதினெட்டு வயதில் சான்றிதழில் ஒரு வரி ஏறும். அந்த வரியைப் பார்த்தால் நர்சிங் கல்லூரிக்காரன் கதவைச் சாத்துவான், ஐ.டி.ஐ.க்காரன் சாத்துவான். இதழினிக்கு மாட்டு டாக்டர் ஆக வேண்டும். ஊசி போடுகிற வேலைக்குக் கை நடுங்கும் என்று எழுதப்பட்ட பெண்ணை எவன் சேர்ப்பான்?

இவ்வளவும் ஒரு பேனாவால் வந்தது. இருபது வருஷமாக, பிள்ளைகள் கையால் எழுதவே வேண்டாம், திரையைத் தட்டினால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்த பெரிய மனிதர்களுக்குப் போன ஜூன் மாதம் திடீரென்று ஞானம் பிறந்தது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எழுதுகிற கர்சிவ் எழுதினால் மூளை வளரும், பொறுமை வளரும், நாடே வளரும் என்றார்கள். அழகெழுத்துத் திட்டம் என்று பேர் வைத்தார்கள். பிள்ளைக்கு ஒரு பேனா, நாலு கோடு நோட்டு, தினமும் வீட்டில் ஒரு பக்கம். எல்லாம் இலவசம். கொடுத்தது வெண்பருத்தி அறக்கட்டளை. ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடுகிற வெண்பருத்தி ஆயத்த ஆடை ஆலையின் தர்மம் அது. பேனாவின் மூடியிலேயே வெடித்த பருத்திக்காய் படம் போட்டிருக்கும்.

பேனாவுக்குள் இன்னொன்றும் இருந்தது. அதை யாரும் மேடையில் சொல்லவில்லை. பிள்ளை எழுத எழுத, அதன் விரல் எங்கே தயங்குகிறது, எங்கே அழுத்துகிறது, எங்கே அதிர்கிறது என்று பேனா படித்துக்கொண்டே இருக்கும். இருபது முப்பது வருஷம் கழித்து வரப்போகிற நரம்பு வியாதி, கையில் இப்போதே லேசாக எட்டிப் பார்க்குமாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கர்சிவ் பக்தி எல்லாம். விதிமுறைப் புத்தகத்தின் நாற்பத்தேழாவது பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்களாம். யார் படித்தார்கள்?

கிருத்திகா கர்சிவ் என்றதும் மற்றவர்களைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவள். அவள் படித்த காலத்தில் கடைசி கடைசியாகக் கையெழுத்துப் போட்டி வைத்தார்கள். அதில் அவள் வாங்கிய எவர்சில்வர் தட்டு இன்னமும் வீட்டில் புழக்கத்தில் இருக்கிறது. படிப்பில் அவளுக்குக் கிடைத்த ஒரே பரிசு அது. இதழினிக்கோ எழுத்து கோழிக் கிறுக்கல். எழுத்தைச் சேர்த்து எழுது என்றால் ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றிவிடுவாள்.

எனவே கிருத்திகா எல்லா அம்மாக்களும் செய்ததைச் செய்தாள். ஷிப்ட் முடிந்து ஆறரைக்கு வந்து, முகம் கழுவி, மகளை முன்னால் உட்காரவைத்து, அவள் கையைத் தன் கைக்குள் வைத்துப் பிடித்து எழுதினாள். பிள்ளையின் கட்டைவிரல் பட்டால்தான் பேனாவின் முனை வெளியே வரும். பட்டுக்கொண்டுதான் இருந்தது. அதற்கு மேல் அம்மாவின் விரலும் இருக்கும் என்று பேனா செய்தவனுக்குத் தெரியவில்லை. இந்த ஊர்ப் பக்கம் யார்தான் இன்னொருவர் கை பிடிக்காமல் எழுதக் கற்றிருக்கிறார்கள்? தட்டில் அரிசியைப் பரப்பி முதல் ‘அ’ போட்டதே அப்படித்தான். அந்த வெள்ளைக்கோட்டு நிபுணர்களில் ஒருவர்கூட ஒரு பிள்ளைக்கு எழுதப் பழக்கியதில்லை போலிருக்கிறது.

செய்தி வந்த அந்தத் திங்கட்கிழமை காலை இதழினி தோசையைப் பிய்த்து வாயருகே கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள்.

“அம்மா, எனக்கு என்ன சீக்கும்மா?”

“ஒரு சீக்கும் இல்ல சாமி. நீ சாப்புடு.”

கிருத்திகா ஆலை சூப்பர்வைசருக்கு போன் போட்டு அரை நாள் லீவு கேட்டாள். ஏற்றுமதி ஆர்டர் முடிய வேண்டும், லைன் முழுக்கப் பதினொன்றாம் வேகத்தில் ஓடுகிறது, இப்போது லீவு கேட்கிறாயே என்று அவன் எரிந்து விழுந்தான். இன்றைக்கு நீயே உட்கார்ந்து ஓட்டு என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். பத்து வருஷ வேலையில் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

பள்ளிக்கூடத்தில் அறிவிப்புப் பலகையில் ஒன்பது பிள்ளைகளின் பேரை ஒட்டியிருந்தார்கள். இதழினி நான்காவது. வாசலிலேயே ஷகிலா நின்றிருந்தாள். ஆலையில் கிருத்திகாவுக்கு அடுத்த மெஷின் அவள். அவள் மகள் ரிஹானா ஏழாவது. ஷகிலா அழுது முடித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள். கிருத்திகாவுக்கு அழுகை வரவில்லை. பட்டியலைக் கிட்டப் போய்ப் படித்தாள்.

பட்டியலில் இருந்த ஒன்பது பிள்ளைகளும் முதல் இரண்டு பெஞ்சுப் பிள்ளைகள் என்பது அவளுக்குத் தெரிந்தது. எழுத்து சரியாக வராதவர்களைத்தான் கவிதாமணி டீச்சர் முன்னால் உட்காரவைப்பார். பக்கத்திலேயே நின்று கவனிப்பார். டீச்சருக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கிருத்திகாவின் மண்டையில் இரண்டும் இரண்டும் சேர்ந்து நாலாகிவிட்டது. நேரே ஐந்தாம் வகுப்புக்குள் நுழைந்தாள்.

“ஏனுங்க டீச்சர், என்ற பொண்ணு கையைப் புடிச்சு எழுத வெச்சீங்களா இல்லீங்களா? உங்க கை நடுக்கத்தக் கொண்டுபோயி என்ற புள்ள தலைல கட்டிட்டீங்க.”

வகுப்பே வாயைப் பிளந்து பார்த்தது. பின்னால் வந்த ஷகிலா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். இதழினி தலையைக் குனிந்துகொண்டாள். அது கிருத்திகாவின் கண்ணில் படவில்லை. கோபத்தில் இருக்கிறவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது தெரிவதில்லை.

கவிதாமணி டீச்சர் சத்தம் போடவில்லை. பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பினார். மேஜை டிராயரைத் திறந்து ஒரு பேனாவை எடுத்தார். யார் எழுதினாலும் படிக்கிற சோதனைப் பேனா அது, பள்ளிக்கு ஒன்றுதான் கொடுத்திருந்தார்கள். ஒரு நோட்டைத் திறந்து, தினமும் பிள்ளைகள் எழுதுகிற அதே ஆங்கில வரியை எழுதினார். ‘ஹெல்தி ஹேண்ட்ஸ், ஹேப்பி நேஷன்.’ ஆரோக்கியமான கைகள், ஆனந்தமான நாடு. அறக்கட்டளை எழுதிக் கொடுத்த வாசகம்தான். சுவரில் இருந்த திரையில் ‘நடுக்கம்: இல்லை’ என்று வந்தது.

“இப்ப நீங்க எழுதுங்க,” என்றார் டீச்சர்.

எதற்கு என்று கிருத்திகா கேட்டாள். எழுதுங்கள் என்று மட்டும் சொன்னார் டீச்சர். கிருத்திகா பேனாவை வாங்கினாள். அந்தக் கோபத்திலும், எச் எழுத்தின் வளைவு அவளுக்கு அழகாகத்தான் வந்தது. புள்ளி வைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

‘நடுக்கம்: வினாடிக்குப் பதினொன்று.’

டீச்சர் அலமாரியிலிருந்து இதழினியின் இரண்டு நோட்டுகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று வகுப்பில் எழுதியது. பார்க்கச் சகிக்காது, ஆனால் கோடு வழுவழுவென்று ஓடியது. இன்னொன்று வீட்டில் எழுதியது. அச்சு மாதிரி எழுத்து. ஆனால் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒவ்வொரு வளைவின் ஓரத்திலும் பொடிப் பொடியாக அலை. கிருத்திகாவும் அதைப் பார்த்திருக்கிறாள். நிப்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

“தனித்தனியா எழுதினா ஒரு எழுத்து முடிஞ்சதும் பேனாவத் தூக்கிருவோம். கைக்கு ஓய்வு கிடைக்கும். கர்சிவ்ல வார்த்தை முடியற வரைக்கும் தூக்கறதே இல்லைங்க. கை எப்படி இருக்குதோ அப்படியே கோட்டுல வந்துரும். ஒளிக்க முடியாது. அதுக்குத்தான் இவங்களுக்குக் கர்சிவ் மேல இத்தன பிரியம்.”

வகுப்பில் எழுதுவது பயிற்சிதான், வீட்டில் எழுதுவதுதான் சோதனை என்று விதியாம். ஜனவரியிலேயே தனக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்றார் டீச்சர். இரண்டு தடவை திட்ட அலுவலகத்துக்கு எழுதினாராம். எழுத வைப்பதுதான் ஆசிரியர் வேலை, எழுத்தைப் படிப்பது இல்லை என்று பதில் வந்ததாம்.

கிருத்திகா தன் கையை விரித்துப் பார்த்தாள். பார்வைக்கு ஆடவில்லை. அப்படியானால் வியாதி தனக்குத்தான். சரி, இருக்கட்டும், பிள்ளைக்கு இல்லையே என்று ஒரு நிமிஷம் நிம்மதிகூட வந்தது. அதன் பின்னால்தான் அந்த எண் அவளை இடித்தது.

“ஒம்போது புள்ளைங்களுக்கும் பதினொண்ணுதானுங்களா டீச்சர்?”

“ஒம்போது பேருக்கும். கூடவும் இல்ல, குறையவும் இல்ல. சீக்குன்னா ஆளாளுக்கு மாறாதுங்களா? அதுதான் எனக்குப் புரியவே இல்லை.”

கிருத்திகாவுக்குப் புரிந்துவிட்டது. ஷகிலாவுக்கும் புரிந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்பது பிள்ளைகளின் அம்மாக்களும் வெண்பருத்தி ஆலையின் ஏற்றுமதி லைனில் தைக்கிறவர்கள். போன ஆயுத பூஜையன்று ஆலைக்குப் புதுக் கையுறைகள் வந்து இறங்கின. கைத்துணை என்று அதற்குப் பேர். சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, எல்லோரும் கும்பிட்டு மாட்டிக்கொண்டார்கள். உள்ளே மயிர் மாதிரி கம்பிகள். துணி கோணினால் விரலை இழுத்து நேராக்கும். எட்டாம் வேகத்தில் வினாடிக்கு எட்டு இழுப்பு, பதினொன்றாம் வேகத்தில் பதினொன்று. தைப்பவள் தூங்கி விழுந்தாலும் தையல் கோணாது. தினமும் எட்டு மணி நேரம், சில நாள் பத்து மணி நேரம். தைப்பொங்கல் முடிந்த கையோடு லைன் முழுவதையும் பதினொன்றுக்கு ஏற்றிவிட்டார்கள்.

கையுறையைக் கழற்றினாலும் கைக்குள் அது கழலவில்லை. அந்தக் கையைக் கொண்டுவந்து, மகளின் கை மேல் வைத்துத்தான் தினமும் எழுதியிருக்கிறாள்.

“என்ற கையைக் கெடுத்தவனே பேனாவையும் குடுத்து, என்ற புள்ளைக்குச் சீக்குன்னு எழுதறானுங்க டீச்சர்,” என்றாள் கிருத்திகா. டீச்சரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. மறுநாள் தோன்றியபோது, அதெல்லாம் வேண்டாம், முதலில் வெள்ளிக்கிழமைக்குள் ஆகவேண்டியதைப் பாருங்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை ஒன்பது அம்மாக்களும் டவுனில் இருந்த திட்ட அலுவலகத்துக்குப் போனார்கள். ஒருங்கிணைப்பாளர் பேர் மதுமிதா. சின்ன வயது, மரியாதையான பேச்சு. எல்லோருக்கும் நாற்காலி போடச் சொல்லி, மோர் வரவழைத்தார். முழுக்கக் கேட்டுக்கொண்டார். கேட்டவருக்கு ஆச்சரியமே வரவில்லை. அதுதான் கிருத்திகாவுக்கு முதலில் உறுத்தியது.

இது ரொம்பச் சுலபமாகத் தீர்கிற விஷயம் என்றார் மதுமிதா. அதற்கென்று ஒரு படிவமே இருந்தது. ‘இத்துடன் பட்டியலிடப்பட்ட நோட்டுப் புத்தகங்களில் உள்ள எழுத்து முழுவதும் என் கையின் எழுத்தே என்றும், என் குழந்தையின் எழுத்து அல்ல என்றும், இத்தவறுக்கு நானே பொறுப்பு என்றும் உறுதியளிக்கிறேன்.’ இதில் கையெழுத்துப் போட்டால் போதும். அந்தப் பேனாக்களில் இருக்கும் இந்தப் பள்ளி வருஷத்துப் பதிவை மொத்தமாக அழித்துவிடுவார்கள். அதிகாரி முன்னிலையில் பிள்ளை புதிதாக ஒரு பக்கம் எழுதும். வெள்ளிக்கிழமைக்குள் பேர் நீங்கிவிடும்.

“அழிக்கறது எதுக்குங்க?” என்று கிருத்திகா கேட்டாள். “எங்களுதுன்னு மாத்தி எழுதி வெச்சுக்கலாமல்லங்க.”

பெரியவர்களின் எழுத்தை வைத்துக்கொள்ளத் திட்டத்தில் இடமில்லை என்றார் மதுமிதா. கையுறையைப் பற்றிக் கேட்டதற்கு, அது எங்கள் வரம்புக்குள் வராது என்றார். கிருத்திகா விடவில்லை. அச்சடித்த படிவம் எங்களுக்கு முன்னாலேயே எப்படி வந்தது என்று கேட்டாள். மதுமிதா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“மூணு மாவட்டத்துல நானூத்திச் சொச்சம் பிள்ளைங்க. எல்லாம் தையல் லைன் அம்மாக்கள்தான். எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்க. நீங்களும் போட்டுருங்கக்கா. எனக்கு இதுக்கு மேல தெரியாது, தெரிஞ்சுக்கவும் எனக்கு அனுமதி இல்லை.”

அந்தப் பெண்ணை அடிக்கலாமா என்றுகூடக் கிருத்திகாவுக்கு இருந்தது. அடித்து என்ன ஆகப் போகிறது? எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறார்கள். நானூறு வீட்டில் அம்மாக்களின் கை ஆடுகிறது என்பது தெரிந்தும், அந்தக் கையையே பிடித்துக் கையெழுத்து வாங்கி, தடயத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். மறுத்தால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இதழினியின் பேர் கல்லில் வெட்டினது போல ஆகிவிடும். தன் கையா, மகளின் ஆயுசா என்றால் எந்த அம்மா யோசிப்பாள்? அதைக் கணக்குப் போட்டுத்தான் படிவம் அடித்திருக்கிறார்கள்.

அவள் கையெழுத்துப் போட்டாள். ஒன்பது பேரும் போட்டார்கள். மதுமிதா ஒவ்வொன்றிலும் எதிர்க்கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, ஆளுக்கு ஒரு நகல் கொடுத்தார். வெளியே வந்ததும் ஷகிலா ரோட்டோரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

வியாழக்கிழமை இதழினி ஒரு அதிகாரிக்கு முன்னால் தனியாக ஒரு பக்கம் எழுதினாள். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்து கிடந்தன. நடுக்கம் இல்லை என்று திரை சொன்னது. வெள்ளிக்கிழமை அவள் பேர் பட்டியலில் இல்லை. வாழ்த்துகள் என்று மறுபடியும் செய்தி வந்தது. நாக்பூர் பக்கம் லாரியில் போய்க்கொண்டிருந்த அவள் புருஷன் லோகநாதன் போனில் பேசினான். மகளுக்கு நல்லதாயிற்று என்று சந்தோஷப்பட்டான். மனைவியின் கையைப் பற்றி அவள் சொன்னபோது கொஞ்சம் தடுமாறினான்.

“காரியம் ஆச்சுதல்ல, உட்டுத் தள்ளு கிருத்தி. கம்பெனியோட மல்லுக்கட்டி நாம ஜெயிக்க முடியுமா? கைக்கு ஏதாச்சும் தைலம் போட்டுப் பாக்கலாம்.”

தைலம் என்று அவன் சொன்னதும் அவள் பேச்சை முடித்துக்கொண்டாள். சனிக்கிழமை மறுபடியும் கையுறையை மாட்டிக்கொண்டு பதினொன்றில் தைத்தாள். தெரியாமல் தைத்த காலத்தில் அது வெறும் வேலையாக இருந்தது. இப்போது ஒவ்வொரு இழுப்பும் தெரிந்தது. பக்கத்து மெஷினில் ஷகிலா, அதற்கு அடுத்ததில் அந்த ஒன்பது அம்மாக்களில் இன்னொருத்தியான பூங்கோதை, எல்லோரும் தலை நிமிராமல் தைத்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் என்ன ஆகுமோ என்று பயந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். வீட்டில் இதழினி வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் உட்கார்ந்தபோது, நீயே எழுது என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டாள். அழுகை அப்போதுதான் வந்தது.

திங்கட்கிழமை காலை மகளைப் பள்ளியில் விடப் போனவள் வாசலில் ஒரு வேன் நிற்பதைப் பார்த்தாள். பக்கவாட்டில் வெடித்த பருத்திக்காய். இரண்டு பேர் சிரித்த முகமாக நின்று, பிள்ளைகளிடம் பழைய நாலு கோடு நோட்டுகளை வாங்கி அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நோட்டு கொடுத்த பிள்ளைக்குப் புது நோட்டும் ஒரு சாக்லேட்டும். பழைய தாளை மறுசுழற்சி செய்கிறார்களாம், மரத்தைக் காப்பாற்றுகிறார்களாம். கவிதாமணி டீச்சர் படியில் நின்றிருந்தார். மேலிடத்து உத்தரவு, காலையில்தான் வந்தது என்றார். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

பேனாவுக்குள் இருந்ததை அழித்துவிட்டார்கள். தாளில் மை இருக்கிறது என்பது இப்போதுதான் யாருக்கோ ஞாபகம் வந்திருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, ஒவ்வொரு பக்கத்திலும் டீச்சரின் சிவப்பு மைக் கையெழுத்து. ஜூன் மாதத்துக் கோட்டையும் மார்ச் மாதத்துக் கோட்டையும் பக்கத்தில் வைத்தால் படிக்காதவனுக்குக்கூடத் தெரியும். கிருத்திகாவுக்கு இது அத்தனையும் அந்த வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. வரிசையில் இதழினிக்கு முன்னால் நாலு பிள்ளைகள் இருந்தார்கள்.

“சாமி, அந்த நோட்ட அம்மாகிட்டக் குடு.”

இதழினி கொடுத்தாள். மொத்தம் ஆறு நோட்டுகள். வேன்காரன் கை நீட்டினான். அவன் குரலில் இன்னமும் இனிமை இருந்தது.

“அக்கா, அது ஸ்கூல் பிள்ளைங்க நோட்டுங்க. திட்டத்துக்குச் சொந்தம். திருப்பிக் குடுத்தே ஆகணும்.”

கிருத்திகா பைக்குள்ளிருந்து அந்தப் படிவத்தின் நகலை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“படிங்க. இதுல இருக்கற எழுத்து எதுவும் புள்ளையோடது இல்லைன்னு உங்க ஆபீசே முத்திரை குத்திக் குடுத்திருக்குது. நோட்டு நம்பரோட இருக்குது பாருங்க. நான் எழுதினது என்ற நோட்டு. புள்ளைங்க நோட்டத்தான நீங்க வாங்க வந்தீங்க? அத வாங்கிட்டுப் போங்க.”

அவன் படித்தான். யாருக்கோ போன் போட்டான். போனில் என்ன சொன்னார்களோ, அவன் முகத்தில் இருந்த சிரிப்பு காணாமல் போனது. அதற்குள் ஷகிலா ஓடிவந்து பெட்டிக்குள் கையை விட்டு ரிஹானாவின் நோட்டுகளைத் தேடி எடுத்துக்கொண்டாள். ஒருவன் தடுக்க வந்தான். படியில் நின்றிருந்த கவிதாமணி டீச்சர் இறங்கி வந்து அவனுக்கும் ஷகிலாவுக்கும் நடுவில் நின்றார். இத்தனை வருஷ சர்வீஸில் மேலிடத்து உத்தரவுக்கு எதிராக அவர் செய்த காரியம் அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது. கிருத்திகா போன் போட்ட பத்து நிமிஷத்தில் பூங்கோதையும் மற்ற அம்மாக்களும் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தியின் நோட்டுகள் மட்டும் வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அவளும் வெறுங்கையோடு கூடவே நின்றாள்.

அன்றைக்கு முதல் ஷிப்டுக்கு ஒன்பது மெஷின்கள் சும்மா கிடந்தன. சூப்பர்வைசர் பதினான்கு தடவை கூப்பிட்டான். கிருத்திகா எடுக்கவில்லை. டவுன் பஸ்ஸில் நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலை போனது போனதுதான் என்பது அவளுக்குத் தெரியும். மகள் பேரை மறுபடியும் பட்டியலில் ஏற்ற முடியாது, அதற்கும் முத்திரை குத்திய தாள் இருக்கிறது. அந்தத் தாளை அடித்தவனுக்கு இந்த யோசனை வரவில்லை. அவசரப்பட்டுத் தடயத்தைத் துடைக்கப்போய், துடைக்கிற துணியிலேயே கைரேகையை விட்டுவிட்டான்.

தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் காக்க வைத்தார்கள். ஆய்வாளர் வயதானவர், சிடுசிடுப்பானவர். இப்போதெல்லாம் படம், வீடியோ, மெஷின் பதிவு என்று எவன் எதைக் கொண்டுவந்தாலும் நம்புவதற்கில்லை, எல்லாவற்றையும் வீட்டிலேயே உட்கார்ந்து தயார் பண்ணிவிடுகிறார்கள் என்று ஆரம்பத்திலேயே சொன்னார். கிருத்திகா ஆறு நோட்டுகளையும் தேதி வாரியாக மேஜை மேல் வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள்.

அவர் வேண்டாவெறுப்பாக முதல் நோட்டைத் திறந்தார். ஜூன் பதினான்கு. கோடு தண்ணீர் மாதிரி ஓடியது. ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர். பக்கத்தைத் திருப்பிக்கொண்டே போனார். ஆயுத பூஜை விடுமுறைக்கு நாலு நாள் நோட்டில் எழுத்து இல்லை. நவம்பரில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஜனவரியில் நோட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிப்ரவரியில் ஒரு ‘ஹேண்ட்ஸ்’ மேல் விரலை வைத்து மெல்லத் தடவினார். ஷகிலாவின் நோட்டைத் திறந்து அதே தேதியைத் தேடிப் பக்கத்தில் வைத்தார். அப்புறம் பூங்கோதையினுடையதை.

“இவ்வளவு அழகா எழுதியிருக்கே,” என்றார் அவர் கடைசியில், தலையை நிமிர்த்தாமல். “யாரோட எழுத்தும்மா இது?”

ஒன்பது மாதமாக, அந்த எழுத்தைப் பார்த்து யார் கேட்டாலும் அவள் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறாள். என் மகளுடையது.

“என்னுதுங்க,” என்றாள் கிருத்திகா.